முப்பத்தேழு டிகிரி அக்கா

மனுஷனைச் சாதியை வைத்து எடைபோடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்பளத்தை வைத்து, காரை வைத்து, காலில் கிடக்கிற செருப்பை வைத்து எடைபோடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உடம்புச் சூட்டை மட்டும் வைத்து எடைபோட்ட ஒரே ஜீவன், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே, எங்கள் முப்பத்தேழு அக்காதான். முப்பத்தேழு டிகிரியில் இருந்தால் நீங்கள் நல்லவர். ஒரு டிகிரி ஏறினால் சந்தேகத்துக்குரியவர். ஒரு டிகிரி இறங்கிவிட்டாலோ, உங்களோடு பேசுவதே வீண் என்று நினைப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. பெரியதாழையில் வலை இழுக்கிற குடும்பத்தில் பிறந்து, வெளிநாடு வரை போய்ப் படித்துவிட்டு, "அங்கன குளிரு. நம்ம ஊரு மாதிரி வராது" என்று திரும்பி வந்தவர். குளிர் என்பது அவருக்கு வானிலை இல்லை, ஒழுக்கக்கேடு.

எங்கள் ஆய்வகம் துறைமுகச் சாலையிலிருந்து உப்பளத்தைப் பார்த்துத் திரும்புகிற ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. கீழே கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். வாசலில் எந்நேரமும் ஒரு கன்டெய்னர் லாரி. மேலே நாங்கள் மனிதத் தசையிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, வளர்த்து, உறைய வைத்துப் பாதுகாத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். செய்ததெல்லாம் அக்கா. நான் ஸ்டோர் கீப்பர். கையுறை வந்ததா, பிளாஸ்டிக் பாட்டில் வந்ததா, மதுரையிலிருந்து திரவ நைட்ரஜன் வந்ததா என்று பார்ப்பது என் வேலை. ரத்தத்தைக் கண்டால் எனக்கு மயக்கம் வரும். உடன்குடிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிற என் அப்பா, நான் ஏதோ மருந்துக் கம்பெனியில் இருப்பதாகவே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

வேலையில் சேர்ந்த அன்று, ஸ்டெம் செல் என்றால் என்னக்கா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"தசை நாரு இருக்குல்லா, அது ஓரத்துல ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். ஒரு சோலியும் பாக்காது. தூங்கும். நாரு கிழிஞ்சிதுன்னு வையி, அப்பதான் எந்திரிக்கும். ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, கிழிஞ்ச எடத்த அடைச்சிரும். அதுவரைக்கும் ஒன்ன மாதிரிதான், சும்மா கெடக்கும்."

"என்னையப் பாத்து நாளே ஒண்ணுதானக்கா ஆவுது?"

"அதுக்குள்ளயே தெரியுதுல்லா."

தசைத் துண்டைப் பொடியாக நறுக்கி, நாரையும் செல்லையும் பிரிக்கிற நொதியில் ஊற வைத்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி வைத்தால், உபயோகமில்லாத செல்கள்தான் முதலில் ஓடிப்போய் அடியில் ஒட்டிக்கொள்ளுமாம். தசை செல் மெதுவாகத்தான் வந்து ஒட்டும். அதனால் ஒரு மணி நேரம் கழித்து, ஒட்டாமல் மிதக்கிறதை மட்டும் வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். அக்கா இந்த விதியை ஊருக்கே பொருத்திவிட்டார். "மொதல்ல வந்து ஒட்டுறவன் நம்மாளு இல்லல" என்பார். டீ வந்ததும் முதலில் எழுந்து போகிறவன், கூட்டத்தில் முதலில் கை தூக்குகிறவன், எல்லாரும் அவர் கணக்கில் உபயோகமில்லாத செல். நான் டீக்கு எப்போதும் முதல் ஆள்.

காலையில் உள்ளே வந்தால் வணக்கம் கிணக்கம் எதுவும் கிடையாது. புறங்கையை நம் நெற்றியில் வைப்பார். இரண்டு விநாடி. "சரி, போ." அவ்வளவுதான் வரவேற்பு. டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். அக்கா பழக்க தோஷத்தில் அவர் நெற்றியிலும் கையை வைத்துவிட்டார். அந்த மனுஷர் இது தமிழ்நாட்டு ஆசீர்வாதம் போல என்று நினைத்துக் குனிந்து, இரண்டு கையையும் கூப்பினார். "முப்பத்தாறர. ஏசியக் கொறைங்கல" என்று அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார். அதிகாரி அதையும் மந்திரம் என்றே எடுத்துக்கொண்டார்.

தசை கொடுத்தவர்களின் பெயரைப் பாட்டிலில் எழுதக் கூடாது என்பது சட்டம். எண்தான் போட வேண்டும். அக்கா எண்ணும் போட்டார், பக்கத்தில் ஒரு மீன் பெயரும் போட்டார். சீலா, பாறை, ஊளி. "சீலா நல்லா பெருகியிருக்கு, ஊளிதான் மொகத்தத் தூக்கி வச்சிருக்கு" என்று அவர் போனில் பேசுவதைக் கேட்டுக் கீழ் மாடி ஏஜென்ட் ஒருநாள் படியேறி வந்து, "எனக்கு ரெண்டு கிலோ சீலா சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

இதெல்லாம் சிரிப்பு. இனிமேல் சொல்லப்போவதில் பாதிதான் சிரிப்பு.

திரேஸ்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வருஷம் கடலுக்கடியில் போய்ச் சங்கு எடுத்தவர். நாங்கள் சங்கு அண்ணாச்சி என்போம். ஒரு காலத்தில் கதவு மாதிரி இருந்த மார்பு, இப்போது சட்டை தனியாகத் தொங்கியது. தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற பரம்பரை நோய். மாடிப்படி ஏறுவதற்குத் தன் தொடையைத் தானே கையால் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். பின்னால் அவர் மகள். பத்தொன்பது வயது. அவளும் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினாள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கும் புரிந்தது. முதல் தடவையாக நெற்றியில் கை வைக்க மறந்துபோனார்.

பெரியாஸ்பத்திரி டாக்டர்தான் அனுப்பியிருந்தார். இந்தக் குடும்பத்துத் தசை செல் ஒரு கைப்பிடி உறைய வைத்து இருந்தால், நாளைக்கு எவராவது மருந்து ஒன்று கண்டுபிடிக்கும்போது அதில் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். மகளுடைய தசை இளசு, அவளிடம் எடுத்தால் நல்லது என்பது டாக்டரின் எண்ணம்.

"எம் மவ மேல கத்தி படக் கூடாது டாக்டரம்மா," என்றார் அண்ணாச்சி. "அவகிட்ட இருக்கதே கொஞ்சம். அதுல போயி வெட்டுவியளா? எங்கிட்ட எடுங்க."

அக்கா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "அண்ணாச்சி, தெளிவாக் கேட்டுக்கிடுங்க. இது ஒங்களுக்கு மருந்தில்ல. ஒங்க மவளுக்கும் இன்னைக்கு மருந்தில்ல. நாளைக்கு வரலாம், வராமலும் போலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்."

"கடலுக்குள்ள போவும்போது சங்கு கெடைக்கும்னு யாரும்மா எழுதிக் குடுத்தாவ? எடுங்க."

தொடையில் தசை என்று ஒன்றுமே மிச்சமில்லை, எல்லாம் கொழுப்பாகிவிட்டது. இடது தோளில் மட்டும் கொஞ்சம் உயிருள்ள தசை இருந்தது. ஒரு பட்டாணி அளவு எடுக்கலாம், இன்னொரு முறை கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பட்டாணி வீணானால் அடுத்த கத்தி மகள் மேல்தான். அக்கா அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்: களவா. "களவா மீனு பாறைப் பொந்துல போயி ஒட்டுச்சின்னா லேசுல பிடுங்க முடியாது. இதுவும் ஒட்டணும்ல. நம்மாளா இருக்கணும்."

அந்தப் பட்டாணியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிற வேலை எனக்கு. அக்கா என்னை நிற்க வைத்துப் பாடம் நடத்தினார்.

"நாலு டிகிரி. சில்லுன்னு இருக்கணும். ஒறையக் கூடாது. ஒறைஞ்சா உள்ள இருக்க தண்ணி ஊசி ஊசியாக் குத்தி செல்ல கொன்னுரும். நாம ஒறைய வைக்கது வேற. அதுக்குத் தனியா மருந்து ஊத்தி, நிமிசத்துக்கு ஒரு டிகிரி, பைய பைய எறக்கணும். பைய ஒறையணும், வெரசா உருகணும். வெளங்குதா?"

"வெளங்குதுக்கா."

எனக்கு விளங்கியது சில்லுன்னு இருக்கணும் என்பது மட்டும்தான்.

வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் நிலக்கரி லாரி, பின்னால் நிலக்கரி லாரி, நடுவில் ஸ்கூட்டரில் நான். மே மாத வெயில். அரை மணி நேரம் ஆனதும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே வைத்திருந்த குளிர் பைகள் வியர்த்துத் தொளதொளவென்று கிடந்தன. எனக்கு வியர்த்ததில் பாதிகூட அவற்றுக்கு வியர்க்கவில்லை என்பது வேறு விஷயம். சில்லுன்னு இருக்கணும், சில்லுன்னு இருக்கணும் என்று அக்கா குரல் காதில் கேட்டது. வண்டியைத் திருப்பினேன். இந்த ஊர்க்காரன் குளிர் வேண்டுமென்றால் எங்கே போவான்? மீன்பிடித் துறைமுகம். ஐஸ் உடைக்கிற அண்ணாச்சி எனக்குத் தெரிந்தவர்.

"அண்ணாச்சி, இந்தப் பொட்டிக்குக் கொஞ்சம் ஐஸ் போடுங்க. வெரசா!"

"என்ன மீனுல?"

மனிதத் தசை என்று சொன்னால் போலீஸ் வரும். "முக்கியமான மீனு. கெட்டுப்போவக் கூடாது."

"ரொம்ப தூரம் போவுதோ?"

"ஆமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப சும்மா ஐஸு நிக்காதுல. இரு." அந்த மகராசன் இரண்டு கை கல்லுப்பை அள்ளி ஐஸோடு கலந்து, தசை இருந்த குழாயைச் சுற்றி அமுக்கி, மூடியை அறைந்து மூடினார். தூரத்துக்குப் போகிற மீனுக்கு இங்கே அப்படித்தான் செய்வார்கள். உப்புச் சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். உப்பு விளைகிற ஊரில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்ததனால்தான் பெருமையோடு வண்டியை ஓட்டினேன்.

"அக்கா, கல்லு மாதிரி ஆக்கிக் கொண்டாந்திருக்கேன்!" என்று பெட்டியை நீட்டினேன்.

அக்கா திறந்தார். உப்பைப் பார்த்தார். குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது ஓரமெல்லாம் வெளேரென்று உறைந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் கலங்கலாக அசைந்தது. நான் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டவில்லை. அக்கா திட்டாவிட்டால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம்.

"மீன்னு நெனச்சிட்டியால?" என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உறைந்த பக்கத்தை வெட்டித் தள்ளினார். மிச்சம் அரைப் பட்டாணிகூட இல்லை. அதை நறுக்கினார், ஊற வைத்தார், வடிகட்டினார். காலையில் உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழவில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டீயையும் தொடாமல் நின்றேன். கடைசியில் வெளியே வந்து கையுறையைக் கழற்றினார்.

"பாதி போச்சு."

"அக்கா, நான்..."

"பாதி இருக்குல்லா? இருக்கதப் பாப்போம். அழுவாதல, மூக்கச் சீந்திட்டு வா."

நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். எனக்கு ஏதோ தூசி தெரிந்தது. "தூசியால அது? ஒட்டியிருக்கு பாரு. களவா!" என்று என் முதுகில் ஓர் அறை விட்டார். அந்த நாலு நாளாக எனக்கு உள்ளே இறங்காத சோறு அன்றைக்குத்தான் இறங்கியது.

எண்ணிக்கை கொஞ்சம் ஏறியதும் ஒரு பாட்டிலிலிருந்து மூன்று பாட்டிலாகப் பிரித்தார். உள்ளங்கை அளவு, தட்டையான பிளாஸ்டிக் பாட்டில்கள். புது இடத்தில் செல் மறுபடி ஒட்டியாக வேண்டும், அதுவரை ஆட்டக் கூடாது, சூடு முப்பத்தேழு மாறக் கூடாது. அப்படிப் பிரித்து வைத்த அன்றைக்குக் காலையிலேயே, செல் வளர்க்கிற சூட்டுப் பெட்டி செத்துப்போனது. கரண்ட் இருந்தது, ஜெனரேட்டர் இருந்தது. உப்புக் காற்றில் உள்ளே இருந்த கன்ட்ரோல் போர்டு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. ஐஸில் ஒரு உப்பு, இதில் ஒரு உப்பு. இந்த ஊர் உப்பைத் தின்று வளர்ந்ததற்கு இப்படியா பழிவாங்க வேண்டும்!

புது போர்டு சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பக்கத்துக் கல்லூரியில் ஒரு சூட்டுப் பெட்டி இருந்தது. "அவிய இறால் நோய்க்கிருமி வளக்காவ. அதுக்குள்ள எம் பிள்ளையக் கொண்டு வைக்கவா?" என்று அக்கா மறுத்துவிட்டார். வெந்நீர்த் தொட்டியோ முப்பத்திமூன்றுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

"இப்பவே ஒறைய வச்சிட்டா என்னக்கா?" என்று கேட்டேன்.

"இம்புட்டுக் கொஞ்சத்த ஒறைய வச்சா, உருக்கும்போது எந்திரிக்க ஆளே இருக்காதுல. பெருகணும்." சற்று யோசித்தார். "முப்பத்தேழு டிகிரியில ஒரு பொட்டிதான் வேணும். நாம எல்லாரும் முப்பத்தேழு டிகிரிதான?"

அவருக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்டோரில் இருந்த என் மேஜையைக் காலி செய்யச் சொன்னார். ஸ்டாக் ரெஜிஸ்டரைத் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்தார். பாட்டில்களின் மூடியை இறுக்கி, துணியில் சுற்றி, வயிற்றின் மேல் வரிசையாகப் படுக்க வைத்து, மேலே கம்பளியைப் போட்டு, இடையில் ஒரு வெப்பமானியைச் செருகிக்கொண்டார். மே மாதம், தூத்துக்குடியில், ஃபேன் இல்லாமல், கம்பளியோடு. "ஏசியும் போடக் கூடாது" என்று உத்தரவு. படுத்த வாக்கிலேயே ஒரு பகல் முழுக்க என்னை வேலை வாங்கினார். டெல்லியில் இருந்த டைரக்டரிடம் போனில், "இப்ப எந்திரிக்க முடியாது சார், வயித்துல புள்ள இருக்கு" என்றார். ஐம்பத்திமூன்று வயதுப் பெண்மணி இப்படிச் சொன்னால் அந்த மனுஷர் என்ன நினைப்பார்? வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ராத்திரியும் அப்படியே கிடந்தவர், மறுநாள் காலை நான் உள்ளே வந்ததும் கூப்பிட்டார். "ஏலே, என் நெத்தியத் தொடு."

எத்தனையோ வருஷமாக எல்லார் நெற்றியையும் தொட்டவரின் நெற்றியை அன்றுதான் ஒருவன் தொட்டான். கொதித்தது.

"முப்பத்தெட்டரயக் காட்டுது. ரெண்டு மாத்திர போட்டுட்டேன். எறங்க மாட்டேங்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் அக்கா, வாங்க."

"எனக்கென்னல, எனக்கு ஒண்ணுமில்ல. இதுக்குத்தான் தாங்காது. மாத்திர போட்டதே இதுக்காவத்தான்." கண் சிவந்து கிடந்தது. அந்தக் கண்ணால் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வேறு ஆளே இல்லை. அக்காவுக்கு உதவியாக இருந்த ஜூனியர் பெண் நிஜமான பிரசவத்துக்குப் போயிருந்தாள். அக்கா புறங்கையை என் நெற்றியில் வைத்தார். அந்தக் காய்ச்சலில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்! உடனே கையை எடுத்துவிட்டு வெப்பமானியை நீட்டினார். முப்பத்தாறு புள்ளி ஒன்பது.

"சட்டையக் கழத்துல."

"அக்கா!"

"ஒன் வயித்த எத்தன நாளு திட்டியிருப்பேன்! மாதாவே, இப்ப ஆவுது பாரு. படு."

படுத்தேன். பலசரக்குக் கடை வயிறு, மூன்று பாட்டிலுக்கும் தாராளமாக இடம் இருந்தது. அக்கா கம்பளியைப் போர்த்திவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். அசையக் கூடாது. பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. தும்மல் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எதிரே நாற்காலியில் இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நடுக்கத்தில் நாற்காலி கிடுகிடுவென்று ஆடியது.

பிரச்சினை என் மூச்சு. நான் மூச்சை இழுத்தால் வயிறு ஏறும், வயிறு ஏறினால் பாட்டில் ஏறும், உள்ளே திரவம் அலையடிக்கும். "ஆட்டாதல!" என்பார் அக்கா. ஆட்டக் கூடாது என்று நினைக்க நினைக்க அதிகமாக ஆடியது. இந்த அழகில் படிக்கட்டில் தடக், தடக் என்று சத்தம். தொடையைத் தூக்கி வைத்து ஏறுகிற சத்தம். சங்கு அண்ணாச்சி. பின்னால் மகள்.

வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "இவருக்கு என்ன சீக்கு டாக்டரம்மா?"

"சீக்கு இல்ல அண்ணாச்சி. அவன் வயித்து மேல படுத்திருக்கது நீங்கதான்."

அண்ணாச்சி கிட்டே வந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார், பெட்டி செத்தது, காய்ச்சல் வந்தது, எல்லாம். ஐஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவர் தாண்டிப் போனதை என்னால் தாங்க முடியவில்லை. பேசக் கூடாது என்பதை மறந்து மேஜையில் கிடந்தபடியே சொல்லிவிட்டேன். ரயில்வே கேட், துறைமுகம், கல்லுப்பு, பாதி போனது, எல்லாம். "எல்லாம் நான் செஞ்சது அண்ணாச்சி. இதுவும் போனா ஒங்க மவ மேல கத்தி வைப்பாவ." கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்க முடியாது.

அந்தப் பெண் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அண்ணாச்சி கம்பளிக்கடியில் மேடாகத் தெரிந்த பாட்டில்களைப் பார்த்தார்.

"உப்புப் போட்டவன் சரியாத்தான் போட்டிருக்கான்," என்றார் கடைசியில். "மீனா இருந்தா நல்லா வந்திருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதல!" என்று அக்கா அலறினார்.

அண்ணாச்சி ஒரு ஸ்டூலை இழுத்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார். மெலிந்த கையை என் விலாவில் வைத்தார். "நீ மூச்ச வயித்துல வாங்குத. அது தப்பு. நாங்க சங்குக்கு எறங்குததுக்கு முன்னால இங்கன வாங்குவோம், விலாவுல. ரெண்டு பக்கமும் விரியட்டும், வயிறு சும்மா கெடக்கட்டும். வாங்கு. பைய. இப்ப விடு. அதவிடப் பைய."

அன்றைக்கு மதியம் வரை அவர் எழவே இல்லை. வாங்கு, விடு, வாங்கு, விடு. தண்ணீருக்கடியில் முப்பது வருஷம் தன்னைக் காப்பாற்றிய மூச்சை எனக்குச் சொல்லிக்கொடுத்து, என் வயிற்றின் மேல் கிடந்த தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பாட்டில்கள் அசையவில்லை. மகள் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். நடுங்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு அவள்தான் சுக்குக் காபி வாங்கிவந்து கொடுத்தாள். மதியம் இரண்டு மணிக்குப் போர்டு வந்தது. பெட்டி சூடேறி முப்பத்தேழைத் தொட்டபோது சாயங்காலம். எழுந்திருக்கப் பார்த்தேன், முதுகு மேஜையோடு ஒட்டிப்போயிருந்தது. "இவனும் களவாதான்" என்றார் அக்கா. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

செல்கள் ஒட்டின, பெருகின. மூன்று பாட்டில் ஆறானது, ஆறு பன்னிரண்டானது. மருந்து கலந்து, சின்னக் குப்பிகளில் அடைத்து, நிமிஷத்துக்கு ஒரு டிகிரியாகப் பைய பைய இறக்கி, கடைசியில் நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்கினார். புகை மேலே வந்தபோது சிலுவை போட்டுக்கொண்டார். "நம்ம ஊரு கோயில்ல இருக்க மாதாவே பனி மாதாதானல. பாத்துக்கிடுவா."

ஆனால் உறைந்தது உயிரோடு இருக்கிறதா என்பது உருக்கினால்தான் தெரியும். மூன்று மாதம் கழித்து ஒரு குப்பியை வெளியே எடுத்தார். அண்ணாச்சியையும் மகளையும் வரச்சொல்லியிருந்தார். அண்ணாச்சியை இந்த முறை நாற்காலியோடு தூக்கித்தான் மேலே கொண்டுவந்தோம். அக்கா குப்பியை வெரசாக உருக்கிப் பாட்டிலில் விட்டார். ஒரு வாரம் காத்திருந்தோம். திரும்ப அவர்கள் வந்த அன்று நுண்ணோக்கியை அண்ணாச்சி உட்கார்ந்த உயரத்துக்கு இறக்கி வைத்தார்.

செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீள நீளமான நாராக ஓடியிருந்தன. ஓரத்தில் ஒன்று லேசாகத் துடித்தது.

"இது நானா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நீங்கதான் அண்ணாச்சி."

"துடிக்குதே டாக்டரம்மா."

"துடிக்குது."

அண்ணாச்சி கண்ணை எடுத்தார். பாட்டிலைக் கையில் வாங்கவில்லை. புறங்கையை, அக்கா எங்கள் நெற்றியில் வைப்பாரே அப்படி, பாட்டிலின் மேல் இரண்டு விநாடி வைத்துப் பார்த்தார். "சூடு சரியா இருக்கு," என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "ஒன் மேல கத்தி இல்லளா."

முப்பத்தேழு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உப்பளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன வருஷம் அக்கா ஓய்வு பெற்றுப் பெரியதாழைக்கே போய்விட்டார். களவா குப்பிகள் தொட்டியில் பத்திரமாக இருக்கின்றன. நைட்ரஜன் ஒரு அங்குலம் குறைந்தாலும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவேன், அவர் ஆசை தீரத் திட்டுவார். மூச்சைக்கூட இப்போது விலாவில்தான் வாங்குகிறேன். டீக்கு மட்டும் இன்னமும் முதல் ஆள்.

அவர் போன மறுநாள் காலை வழக்கம்போல வாசலில் இரண்டு விநாடி நின்றேன். யாரும் கை வைக்கவில்லை. அன்றிலிருந்து என் நெற்றி முப்பத்தேழில் இல்லை அக்கா, கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது.